வருகிறாள் என்றுதான் எழுதியிருந்தேன்

1

இந்தக் கதை ஒரு திருத்தத்திலிருந்து பிறந்தது. கதை எப்படிப் பிறந்தது என்று எழுத்தாளர்களைக் கேட்டால், பேருந்து ஜன்னலில் பார்த்த முகம், தூக்கத்தில் கேட்ட குரல் என்று ஏதாவது அளப்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு திரைக்கதையில் "அம்மா வெளியே வருகிறாள்" என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த பிரதியில் "அம்மா வெளியே போகிறாள்" என்று இருந்தது. அவ்வளவுதான். ஒரு சொல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நினைப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபத்தை வேறு ஆட்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

திருத்தியவர் உதவி இயக்குநர். போன் போட்டுக் கேட்டேன்.

"மேடம், சீன் வீட்டுக்குள்ள நடக்குது. அவங்க உள்ள இருந்து வெளிய போறாங்க. நீங்க அவசரத்துல 'வருகிறாள்'னு அடிச்சிட்டீங்க. நான் சரி பண்ணிட்டேன்" என்றார். நன்றி சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

நான் அவசரத்தில் அடிக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு வந்து சேர எனக்குப் பாதி ஆயுள் ஆகியிருக்கிறது. அவருக்கு அதை அழிக்க ஒரு விரல் போதுமாக இருந்தது.

2

(கதையை முறையாகத் தொடங்கிப் பார்க்கிறேன்.)

அன்று வானம் இருட்டிக்கொண்டு

வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வானத்தை இருட்டவிட்டால் நீங்கள் இப்போதே கைக்குட்டையைத் தேடுவீர்கள்.

எனக்கு ஏழு வயதில் அம்மா என்னை விட்டுவிட்டு

இதுவும் வேண்டாம். "விட்டுவிட்டு" என்று எழுதியதுமே தீர்ப்பு வந்துவிடுகிறது. வழக்கையே இன்னும் யாரும் கேட்கவில்லை.

சரி, நடந்ததை மட்டும் வைக்கிறேன். என் அம்மா ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அப்பாவுக்கும் அத்தைக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை. "கதவைச் சாத்திக்கிட்டு கண்டவனையும் சட்டையைக் கழட்டச் சொல்ற பொழப்பு" என்பது அத்தை அதற்கு வைத்த பெயர். வேலையா, வீடா என்று ஒரு நாள் அம்மாவைக் கேட்டார்கள். அவள் பதில் சொல்வாள் என்று நினைத்துக் கேட்கவில்லை. அவள் சொல்லிவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு என் ஒரு கையைப் பிடித்தாள். அத்தை என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னக் கைகளை இரண்டு பக்கமும் இழுத்தால் எலும்பு என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். அவள்தான் முதலில் கையை விட்டாள். "வரேன்" என்றாள். கதவைத் திறந்தாள். பிறகு வெளியே

இங்கேதான் வாக்கியம் நிற்கிறது. வெளியே என்ன செய்தாள்?

அன்றிலிருந்து அத்தை ஊரெல்லாம் சொன்னது: "அவ வீட்டை விட்டுப் போயிட்டா." அம்மா கேட்டவர்களிடமெல்லாம் சொன்னது: "நான் வீட்டை விட்டு வந்துட்டேன்." கதவு ஒன்று, பை ஒன்று, கால் அதே கால். சின்ன வயதில் இவை இரண்டும் வெவ்வேறு சம்பவங்கள் என்றே நம்பியிருந்தேன்.

கேமராவை எங்கே வைப்பது என்று சினிமாக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தமிழில் எழுதுகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் வினைச்சொல்லே கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் வைத்துவிடுகிறது. "போனாள்" என்றால் நீங்கள் வீட்டுக்குள் அத்தைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். "வந்தாள்" என்றால் வாசலுக்கு வெளியே நிற்கிறீர்கள். நடுவில் நிற்க வழியில்லை. முயன்று பார்த்துவிட்டேன், "வெளியேறினாள்" என்று எழுதினால் செய்தித்தாள் மாதிரி இருக்கிறது.

* அந்த "வரேன்" பற்றி. கிளம்பும்போது நம்மில் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. சாவகாசமாகப் போகிறவரும் கோபித்துக்கொண்டு போகிறவரும் "வரேன்" என்றுதான் சொல்கிறார்கள். அத்தை அதை வாக்குறுதியாகப் பிடித்துக்கொண்டாள். "வரேன்னு சொல்லிட்டுப் போனவ வந்தாளா பாரு" என்று என்னிடமே கேட்பாள். வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். கதவைத் தட்டுவது எனக்குக் கேட்கும். யாரும் திறக்கவில்லை. வீட்டுக்குள் வைத்த கேமராவுக்குச் சாத்திய கதவின் உள்பக்கம் மட்டுமே தெரியும்.

3

இயக்குநர் கெட்டவர் இல்லை. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவரை வில்லனாக்கிவிட்டால் கதை வழுக்கிக்கொண்டு ஓடும். இந்தச் சம்பவத்தை நான் முன்பு சிறுகதையாக எழுதியபோது, அதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்தவர் அவர். அழுததுதான் கோளாறு. எழுதிய நானே அழவில்லை.

கலை இயக்குநரை எல்லோரும் சுண்ணாம்பு என்று கூப்பிடுவார்கள். முழங்கையில் எப்போதும் பெயின்ட் காய்ந்திருக்கும். ஒரு பெரிய கொட்டகைக்குள் எங்கள் வீட்டைக் கட்டியிருந்தார். சுவரெல்லாம் சாம்பல் படிந்த பச்சை. அம்மாவாக நடிப்பவருக்கும் அதே பச்சையில் உடை.

"சுவரோட சுவரா ஆயிட்டாங்கன்னு சொல்வோம்ல மேடம், அதைத்தான் பண்ணியிருக்கேன்" என்றார்.

ஜன்னலை வழக்கத்தைவிடத் தூக்கி வைத்திருந்தார். அம்மா எங்கே நின்றாலும் வெளிச்சம் அவள் தலைக்கு மேலேயே போய்விடும். அப்பா உட்காரும் நாற்காலியில் மட்டும் வெயில் விழும். நான் நாலு பக்கம் வசனம் எழுதி வைத்திருந்ததை அவர் ஒரு ஜன்னலில் சொல்லி முடித்திருந்தார். அசந்துதான் போனேன். என் வசனத்தில் பாதியை அங்கேயே அடித்துவிட்டேன்.

பிறகு வாசல் கதவைத் திறந்தேன். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய விளக்கு.

"வெளிய எங்கே?" என்றேன்.

"வெளிய ஏது மேடம்? ஸ்கிரிப்ட்ல சீனுக்கு மேல 'உள்', வீட்டுக்குள்ளன்னுதானே போட்டிருக்கு. அவங்க போறதோட சீன் முடியுது. போற இடம் நமக்கு எதுக்கு?"

அவர் மேல் தப்பு இல்லை. கையில் கொடுத்ததைக் கட்டினார். ஒரு சொல்லைத் திருத்தியதில் ஒரு தெருவே கட்டப்படாமல் போயிருந்தது. அம்மா வாடகைக்குப் பிடித்த அறை, அவள் நடந்து போகும் மருத்துவமனை, தானே சம்பாதித்து வாங்கிய மேசைவிசிறி எல்லாம் சேர்ந்து ஒரு வெள்ளைத் துணி ஆகிவிட்டது.

4

இப்போது ஒளிப்பதிவாளர் வர வேண்டும். அவளை ஒத்தக்கண்ணு என்பார்கள். கேமராவில் கண் வைத்துப் பழகி, சும்மா பேசும்போதும் இடது கண்ணைச் சுருக்கிக்கொள்வாள். மெலிந்த உடம்பு, பெரிய வாய். (அவள் இதைப் படிப்பாள். பெரிய மனசும் உண்டு என்று சேர்த்துக்கொள்கிறேன்.)

இப்படி ஒருத்தி உண்மையில் இருக்கிறாளா, என் சார்பாகப் பேச நானே உருட்டிவிட்ட ஆளா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். வரட்டும். நான் உருட்டியிருந்தால் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறவளாக உருட்டியிருப்பேன்.

படப்பிடிப்புக்கு இயக்குநர் அம்மாவையும் அழைத்திருந்தார். அம்மா என்னோடுதான் வசிக்கிறாள், அழைத்துக்கொண்டு போனேன். மானிட்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நாற்காலியின் கால் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

இயக்குநர் வைத்த ஷாட் இது. கேமரா வீட்டுக்குள், குழந்தையின் உயரத்தில். சட்டகத்தின் ஓரத்தில் குழந்தையின் தோள் மங்கலாகத் தெரிகிறது. அகலமான லென்ஸ்; அதில் விலகிப் போகிறவர் சில அடிகளிலேயே சின்ன ஆளாகிவிடுவார். அம்மாவாக நடிப்பவர் சுவரோடு சுவராக நடந்து, சின்னதாகி, இன்னும் சின்னதாகி, கதவைத் திறக்கிறார். திரும்பி "வரேன்" என்கிறார். வெள்ளை வெளிச்சம் அவரை விழுங்குகிறது. கதவு சாத்திக்கொள்கிறது. குழந்தையின் முதுகு மட்டும் மிச்சம்.

அழகான ஷாட். அதுதான் வயிற்றெரிச்சல். மோசமான ஷாட்டாக இருந்தால் சண்டை போடுவது எவ்வளவு சுலபம். "கட்" சொன்னதும் மேக்கப் போடுபவர் மூக்கை உறிஞ்சினார். விளக்குப் பிடித்தவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். குழந்தையாக நடித்த சிறுமி மட்டும் பிஸ்கட் கேட்டாள்.

அம்மா மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எங்க போனேன்னு காட்டவே இல்லையே?" என்றாள்.

இயக்குநர் பக்கத்தில் குனிந்து பணிவாகவே விளக்கினார். "பாக்கறவங்க குழந்தையோட இருக்கணும்மா. குழந்தைக்குத் தெரியாததை நாம காட்டக் கூடாது."

"குழந்தைக்குத் தெரியும்" என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை என்றால் எல்லோருக்கும் பிஸ்கட் தின்றவள்தான் ஞாபகம்.

"ஒரு பக்கம் மட்டும் எடுத்து அனுப்பினா டாக்டர் திருப்பி அனுப்பிடுவார் தம்பி" என்றாள் அம்மா. "நேரா பாத்தா நல்லா இருக்கற எலும்பு, பக்கவாட்டுல பாத்தா உடைஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் எடுத்துடுங்க."

"ஆஹா, அப்படியே பண்ணிடலாம்மா! ரெண்டும் எடுப்போம். எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்றார் இயக்குநர்.

* சினிமாவில் "எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்றால் "மாட்டேன்" என்று பொருள். அம்மாவுக்கு அது தெரியாது. சந்தோஷமாகக் காபி வாங்கிக் குடித்தாள்.

5

ஒத்தக்கண்ணுவுக்கு அந்தப் பொருள் நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி வைத்துக்கொண்டாள்.

"சார் சொல்லிட்டார், ரெண்டு பக்கமும் எடுக்கறோம்" என்று சத்தமாக அறிவித்துவிட்டு அந்த வெள்ளைத் துணியைப் பிடித்து இழுத்தாள். கம்பியோடு கழன்று வந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே இருந்தது செட்டின் முதுகு. பெயின்ட் அடிக்காத ஒட்டுப்பலகை, முட்டுக் கொடுத்த கட்டைகள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகள், பலகையில் சாக்பீஸால் எழுதிய "சமையல் இடது", யாரோ மறந்துவிட்டுப் போன டிபன் டப்பா.

சுண்ணாம்பு அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அம்மா தாயே, அது முதுகு! அதைப் போய் யாராவது காட்டுவாங்களா? என் மானமே போயிடும்!"

"முதுகு தெரியட்டும். அந்தச் சுவரோட மூஞ்சியை அவங்க வருஷக்கணக்கா பாத்தாச்சு" என்றாள் ஒத்தக்கண்ணு. டிபன் டப்பாவை மட்டும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

லென்ஸை மாற்றவில்லை. கேமராவை நடிப்பவரின் கண் மட்டத்துக்கு உயர்த்தினாள். நானும் அம்மாவும் அவளுக்குப் பின்னால், கட்டைகளுக்கு நடுவில் ஒண்டிக்கொண்டு நின்றோம். இயக்குநரும் சிரித்துக்கொண்டே வந்து நின்றார். பெரியவர்களை மதிக்கிற மனுஷர்.

கதவு திறந்தது. வீடு அவர் முதுகுக்குப் பின்னால் இருட்டாகக் கிடந்தது. அந்தப் பச்சை உடை முதல்முறையாகச் சுவரைவிட்டுப் பிரிந்து, வெளுத்த பலகைகளுக்கு நடுவில் தனியாகத் தெரிந்தது. நடிப்பவர் உள்பக்கம் திரும்பி "வரேன்" என்றார். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார். துணி இல்லாததால் அந்தப் பெரிய விளக்கு நேராக முகத்தில் அடித்தது, கண் கூசியது. கூசியபடியே நடந்தார். உள்ளே அவரைச் சின்னதாக்கிய அதே லென்ஸ், இங்கே அவர் வைத்த ஒவ்வோர் அடிக்கும் அவரைப் பெரிதாக்கிக்கொண்டே வந்தது.

"வா" என்றாள் அம்மா.

என் அம்மாதான். சத்தமாக. நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில், யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி. நடிப்பவர் ஒரு நொடி திகைத்து, பிறகு சிரித்துவிட்டார். முகம் முழுக்க, விளக்கு வெளிச்சம் முழுக்கச் சிரிப்பு.

"யாருங்க பேசினது?" என்று ஒலிப்பதிவாளர் கத்தினார்.

"சிரிக்கிறாங்களே!" என்று இயக்குநர் தலையில் கை வைத்தார். "புள்ளையை விட்டுட்டு வர்றவ சிரிப்பாளா?"

கவனித்தீர்களா? அவர் கவனிக்கவில்லை. ஒத்தக்கண்ணு கவனித்தாள், கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். விட்டுட்டு வர்றவ. போறவ இல்லை. பத்தடி தள்ளி வாசலுக்கு இந்தப் பக்கம் நிறுத்தியதும் அவருடைய நாக்கே மாறிவிட்டது. நான் மாதக்கணக்கில் வாதாடி முடியாததை அவர் தன்னை அறியாமல் தானே சொல்லிவிட்டார். அந்த வாக்கியத்தின் முன்பாதி பழைய இடத்திலேயேதான் நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்பாதி வெளியே வந்துவிட்டது.

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: படத்தில் அந்த ஷாட் வருகிறது. இருட்டில் ஒருவர் கைதட்டத் தொடங்க, அரங்கமே

பொய். பொய் எழுதுவதில் எனக்குக் கூச்சம் கிடையாது, தொழிலே அதுதான். ஆனால் இந்தப் பொய் இயக்குநருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும். கொடுக்க மாட்டேன்.

முடிவு இரண்டு: ஒத்தக்கண்ணு அந்த ஷாட்டைத் திருடிக்கொண்டு

அவள் எதையும் திருடவில்லை. எடிட்டிங்கில் அது போய்விட்டது என்று தெரிந்த அன்று இயக்குநரின் அறைக்குப் போனாள். "என் பேரை எடுத்துடுங்க சார்" என்றாள். "ஒரு ஷாட்டுக்காகவா?" என்றார் அவர். "ஆமா. மத்ததை யார் வேணும்னாலும் எடுத்திருப்பாங்க." அவர் எவ்வளவோ கெஞ்சினார். அவள் பெயர் படத்தில் இல்லை. என் பெயரும் இல்லை. இதில் தியாகம் கியாகம் என்று எதுவும் கிடையாது. பிறர் நின்ற இடத்தில் நான் நின்றதாகக் கையெழுத்துப் போட எனக்கு விருப்பமில்லை.

முடிவு மூன்று, நடந்தது: படத்தைச் சிறிய அரங்கு ஒன்றில் போட்டுக் காட்டினார்கள். அம்மா கேட்டதால் கூட்டிப் போனேன். கதவு சாத்திக்கொண்டதும் அரங்கு முழுக்க விசும்பல். பின்வரிசையில் ஒரு பெண்மணி, "எப்படித்தான் போக மனசு வந்துச்சோ" என்றார்.

"மனசாவது வந்துச்சே" என்றாள் அம்மா, திரையைப் பார்த்தபடி.

அவள் சிரிக்கத்தான் சொன்னாள். நான் சிரித்தேன். ஆனால் வெளியே வரும் வழியில், முகம் கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அவள் வெகுநேரம் நின்றாள். அழவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. முகம் தெரியாத இருநூறு பேர் இத்தனை காலம் கழித்து மறுபடியும் அவளைப் பார்த்து, அத்தை சொன்னதையே சொன்னார்கள். அதுவும் அழகான வெளிச்சத்தில். அன்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

7

எழுதிய பிரதியின் கடைசி வரியை இப்படி விட்டிருந்தேன்:

அம்மா வெளியே ________.

கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. வாசகரே நிரப்பிக்கொள்ளட்டும், நிரப்பும் சொல்லில் அவர் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்துவிடும் என்று ஒரு கணக்கு. இந்த வகைக் கதைகளில் இப்படி முடித்தால் நாலு பேர் பாராட்டுவார்கள்.

அம்மா படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"இங்க என்ன, கோடு போட்டு வெச்சிருக்க?"

"படிக்கிறவங்க நிரப்பிக்குவாங்கம்மா. அவங்க இஷ்டத்துக்கு."

"அவங்க யாரும் அங்க இல்லையே" என்றாள் அம்மா. "நான்தானே இருந்தேன்? ஏற்கனவே ஊரே நிரப்பினது போதாதா? நீயும் காலி பண்ணிக் குடுக்கிறியா?"

பேனாவை எடுத்தேன். ஆகவே மன்னிக்கவும். அந்தக் கோடு உங்களுக்கு இல்லை. முடிவை வாசகரிடம் விடுவது பெரிய மனசு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த ஒரு கதையில் அது நழுவல். மற்றக் கதைகளில் எல்லாம் உங்களை உள்ளே விடுகிறேன். இதில் வெளியே நில்லுங்கள். அங்கே இடம் நிறைய இருக்கிறது.

நீங்கள் கேட்கலாம்: நீயும் வீட்டுக்குள்தானே நின்றாய், உன் கையைத்தானே அத்தை பிடித்திருந்தாள், "வந்தாள்" என்று எழுத உனக்கு என்ன உரிமை? நியாயமான கேள்வி. அந்தக் கதவுக்கு நான் உள்ளேதான் நின்றேன். ஆனால் இன்னொரு கதவு இருக்கிறது. படத்தில் அந்தக் குழந்தையின் முதுகைப் பார்த்து அழுத அத்தனை பேரும், அந்த முதுகு அப்படியே அங்கேயே நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த முதுகு என்னுடையது. அது திரும்பியது. நடக்கவும் நடந்தது.

கேமரா இனி என் தோளில். உதவி இயக்குநர்கள் தயவுசெய்து பேனாவை மூடி வைக்கவும்.

8

சின்ன வயதில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டதும் அத்தை இருக்கும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக நடந்தேன். மருத்துவமனையின் பின்பக்க நடையில் ஒரு பெஞ்சு. கையைத் தூளியில் கட்டித் தொங்கவிட்ட ஒருவர் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். எதிரே ஒரு கனமான கதவு. அதற்கு மேலே சிவப்பு விளக்கு. எரியும்போது உள்ளே போகக் கூடாது என்று எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

உள்ளே இருந்து குரல் கேட்டது. "மூச்சை நல்லா இழுங்க. விடாதீங்க. அசையாதீங்க."

நானும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப விடுங்க."

சிவப்பு விளக்கு அணைந்தது. கதவு திறந்தது.

அம்மா வெளியே வந்தாள்.

"வந்துட்டியா?" என்றாள்.

"வந்துட்டேன்" என்றேன்.